சாத்தனூர் டேமுக்கு ஒரு சண்டே பிளான்: பார்க்கை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க!

"மச்சான், சண்டே எங்கடா போலாம்?"

திருக்கோவிலூரில் இந்தக் கேள்விக்கு ரொம்ப நாளாக ஒரே பதில்தான்: "சாத்தனூர் டேம்." அப்பா ஸ்கூல் டூரில் போன இடம். கல்யாணமான புதிதில் சித்தப்பாவும் சித்தியும் போட்டோ எடுத்துக்கொண்ட இடம். இப்போது உங்கள் கேங் ரீல்ஸ் எடுக்கப் போகும் இடம். மால் இல்லை, தீம் பார்க் இல்லை, பீச்சுக்குப் புதுச்சேரி வரை போக வேண்டும் என்ற நிலையில், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, விழுப்புரம் என மூன்று மாவட்டத்து ஜனங்களுக்கும் கைக்கெட்டும் பெரிய பொழுதுபோக்கு இடம் அதுதான்.

பொதுவாக இந்த மாதிரி கட்டுரைகளில் 'பார்க்க வேண்டிய 7 ஸ்பாட்' என்று லிஸ்ட் போடுவோம். இதிலும் ஸ்பாட்கள் உண்டு. ஆனால் திருக்கோவிலூர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது. சென்னையிலிருந்து வருகிறவருக்கு அந்த அணை ஒரு டூரிஸ்ட் ஸ்பாட். உங்களுக்கு அது, உங்கள் ஊர் ஆற்றின் குழாய். அங்கே ஷட்டரைத் தூக்கினால் இங்கே தண்ணீர் ஏறும். அதனால் ஒரு நாள் ஜாலியாகச் சுற்றிவிட்டு, அந்த அணையை 'படிக்கவும்' கற்றுக்கொண்டு வரலாம். எப்படி என்று பார்ப்போமா?

எப்படிப் போறது?

பைக், கார் என்றால் மணலூர்பேட்டை வழியாகத் தண்டராம்பட்டு போய், அங்கிருந்து சாத்தனூர் பிடிப்பது வசதி. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். நிதானமாக ஓட்டினால் ஒன்றரை மணி நேரம். பஸ் என்றால் திருவண்ணாமலை போய் மாறிக்கொள்வது எளிது. அங்கிருந்து அணை சுமார் 30 கிலோமீட்டர். பௌர்ணமி நாளில் மட்டும் இந்த ரூட்டை யோசிக்காதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் உங்கள் சண்டே முடிந்துவிடும்.

மணலூர்பேட்டை வழியாகப் போனால் வழியிலேயே தென்பெண்ணையைப் பார்க்கலாம். வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிடம் பாருங்கள். மணல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எந்தக் கரையோரமாக ஓடுகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் திரும்பும்போது இது உதவும்.

டேம்னா ஏன் கூடவே ஒரு பார்க்?

மேட்டூர், வைகை, பவானிசாகர், கிருஷ்ணகிரி, சாத்தனூர்... தமிழ்நாட்டில் எந்தப் பெரிய அணைக்குப் போனாலும் கீழே ஒரு பூங்கா இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அணை தண்ணீரைத் தேக்கத்தானே? ஊஞ்சலும் சறுக்கு மரமும் அங்கே எப்படி வந்தன?

இதற்கு முன்னோடி மைசூர் பக்கம் இருக்கும் பிருந்தாவன் கார்டன். கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழே, மைசூர் திவானாக இருந்த மிர்சா இஸ்மாயில் காலத்தில் 1927-ல் தொடங்கி 1932-ல் முடித்த தோட்டம் அது. படிப்படியாக இறங்கும் தரை, நடுவில் ஓடும் நீர், இரண்டு பக்கமும் நீரூற்று என்ற டிசைன் செம ஹிட். அதற்குப் பிறகு நம் பக்கம் அணை கட்டியவர்கள் மனதிலும் 'அணை என்றால் பூங்கா' என்று பதிந்துவிட்டது.

இதில் அழகு மட்டுமில்லை, ஒரு கணக்கும் இருக்கிறது. அணையின் அடிவாரத்தில் வீடு கட்ட விட முடியாது. சுவரைச் சுற்றிப் பார்க்கவும், கசிவைக் கவனிக்கவும், அவசரத்துக்கு வண்டி போகவும் இடம் காலியாக இருக்க வேண்டும். மேலே தண்ணீர் நிற்பதால் கீழே பாசனத்துக்குப் பஞ்சமில்லை. காலியாகக் கிடந்தால் முள்செடி மண்டும். அதற்குப் பதில் புல்லும் மரமும் வைத்தால் ஜனங்கள் வந்து உட்காருவார்கள். சுதந்திரத்துக்குப் பின் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மக்கள் வரிப்பணத்தில் எழுந்த பெரிய வேலைகள் இந்த அணைகள். பவானிசாகர் 1955, சாத்தனூர் 1958, வைகை 1959. 'உங்க காசில் கட்டினது, வந்து பாருங்க' என்று சொல்லும் வரவேற்பறைதான் அந்தப் பூங்கா.

அதாவது, பார்க்குக்காக டேம் இல்லை, டேமுக்காகத்தான் பார்க். இந்த ஒரு வரி, கட்டுரையின் கடைசி வரை தேவைப்படும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கு?

பூங்கா: சென்னகேசவ மலைகளுக்கு நடுவே அணை, அதன் கீழே மரங்கள், சிலைகள், நீரூற்றுகள், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள். ஒரு காலத்தில் சினிமாக்காரர்கள் டூயட் பாட ஹீரோ ஹீரோயினைக் கூட்டிவந்த லொக்கேஷன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டிப் போங்கள். பழைய பாட்டு எது எங்கே எடுத்தது என்று நீங்கள் கேட்காமலே கமென்ட்ரி வரும்.

முதலைப் பண்ணை: இங்கே நிஜமான ஸ்டார் இதுதான். வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே இருப்பவை நன்னீர் முதலைகள். தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி, 1970-களில் இந்தியாவில் முதலைகள் அழிந்துவிடுமோ என்ற நிலை வந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1975-ல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பாகப் பொரிக்க வைத்து, குட்டிகளை வளர்க்கும் வேலை தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய மெட்ராஸ் முதலைப் பண்ணையும் (1976) அதே காலத்தைச் சேர்ந்ததுதான்.

ஒரு சுவாரஸ்யம்: முதலைக் குட்டி ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது முட்டை இருக்கும் மண்ணின் சூடு. கிட்டத்தட்ட 32, 33 டிகிரியில் ஆண் அதிகம், அதைவிடக் குறைந்தாலும் கூடினாலும் பெண் அதிகம். இன்னொன்று, வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்து 'பொம்மை போல' என்று நினைக்காதீர்கள். அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. 'அசையுதா பார்ப்போம்' என்று கல்லெறிவது வேடிக்கை இல்லை, சட்டப்படி குற்றம்.

மீன்: அலங்கார மீன்களைக் கண்ணாடிக்குள் பார்க்க மீன் காட்சியகம் உண்டு. தட்டில் பார்க்க வறுவல் கடைகள் உண்டு. நீர்த்தேக்கத்தில் பிடிபடுவது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. மசாலா தடவி இரும்புக் கல்லில் சுட்டுத் தருவார்கள். ஆர்டர் செய்வதற்கு முன் இரண்டு விஷயம்: எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள், விலையை முதலிலேயே கேளுங்கள். ஜிலேபியில் முள் நிறைய. குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் கட்லா துண்டு பாதுகாப்பு.

படகு, நீச்சல் குளம்: இரண்டும் சீசனையும் தண்ணீரின் அளவையும் பொறுத்தவை. படகில் ஏறுவதாக இருந்தால் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மாட்டி, பக்கிளைப் போட்டுவிட்டு ஏறுங்கள். "போட்டோல நல்லா இருக்காது" என்று கழற்ற வேண்டாம். 2023 மே 7-ம் தேதி கேரளாவின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு அது. நெருக்கடியாக இருக்கிறதா, இறங்கிவிடுங்கள். அடுத்த ட்ரிப் வரும்.

போர்டைப் படிக்கத் தெரியுமா?

மீன் சாப்பிட்டாச்சு, முதலை பார்த்தாச்சு. இப்போது அணையைப் படிக்கலாம். மழைக்காலத்தில் நியூஸில் மூன்று எண்கள் ஓடும்: நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி, வரத்து இத்தனை கன அடி. நாம் பெரும்பாலும் ஸ்க்ரோல் செய்து போய்விடுவோம். இந்த மூன்றும் புரிந்தால், ஆற்றங்கரையில் இருக்கும் உங்களுக்கு அது மெசேஜ்.

அடி: சாத்தனூர் அணையின் முழு நீர்மட்டம் 119 அடி. இங்கே ஒரு தப்புக் கணக்கு நடக்கும். "100 அடிதானே இருக்கு, இன்னும் 19 அடி காலி" என்று நினைப்போம். அணை நேரான டம்ளர் இல்லை, வாணலி மாதிரி. அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். அதனால் கடைசிப் பத்து அடியில் நிற்கும் தண்ணீர், முதல் பத்து அடியில் நிற்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

மில்லியன் கன அடி: இது மொத்த இருப்பு. முழுதாக நிரம்பினால் 7,321 மில்லியன் கன அடி. ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. ஆக, சாத்தனூரின் கொள்ளளவு சுமார் 7.3 டி.எம்.சி.

கன அடி: டி.வி.யில் 'வினாடிக்கு 5,000 கன அடி' என்பார்கள். இது வேகக் கணக்கு. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர், அதாவது ஒரு வாட்டர் கேனைவிடக் கொஞ்சம் அதிகம். 5,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 5,000 கேனுக்கு மேல் கவிழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அணை பாதி காலியாக இருக்கும்போது வரத்து 20,000 கன அடி என்றால் தேக்கிக்கொள்ளும். அணை நிரம்பியிருக்கும்போது அதே 20,000 வந்தால், வருவது அப்படியே வெளியே போகும். நிரம்பிய அணை தண்ணீரைத் தடுக்காது, வழிதான் விடும்.

2024 டிசம்பர் 2 அதிகாலை

இது வெறும் கணக்குப் பாடம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் லேசில் விலகவில்லை. உள் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கத்துத் தண்ணீர் வந்து சேரும் இடம் சாத்தனூர். அணை ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது.

டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. இப்போது நீங்களே கணக்குப் போடலாம். வினாடிக்குச் சுமார் 47 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால், ஒவ்வொரு வினாடியும் கிட்டத்தட்ட 400 லாரி. இதே வேகத்தில் வந்தால், சாத்தனூர் அணை முழுக்கக் காலியாக இருந்தாலும் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

தொண்டமானூர் - அகரம்பள்ளிப்பட்டு இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, மூன்று மாதங்களுக்கு முன்தான் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. மணலூர்பேட்டை, திருக்கோவிலூர், அரகண்டநல்லூர் கரையோரங்களில் தண்ணீர் புகுந்தது. அங்கிருந்து விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வரை வெள்ளம். ஆற்றுக்கு நடுவே நிற்கும் நம்ம கபிலர் குன்று மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றது.

"சொல்லாமல் திறந்துவிட்டார்கள்" என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. "ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம்" என்று அரசு சட்டமன்றத்தில் பதில் சொன்னது. நமக்கு முக்கியமான கேள்வி இதற்குள்ளேயே இருக்கிறது. எச்சரிக்கை கொடுப்பது ஒரு விஷயம். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குக் கரண்ட் இல்லாத வீட்டில், சார்ஜ் இல்லாத போனில், அது உங்கள் பாட்டியின் காதுக்கு எட்டுவது வேறு விஷயம்.

"முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டிருக்கலாமே?" என்ற கேள்வியும் வந்தது. நியாயமான கேள்விதான். அதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அணையின் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்களை நம்பி சுமார் 45,000 ஏக்கர் இருக்கிறது. திருக்கோவிலூர் அணைக்கட்டுப் பாசனமும் இந்தத் தண்ணீரைத்தான் பார்க்கிறது. திருவண்ணாமலைக்குக் குடிநீர் இங்கிருந்துதான். 7.5 மெகாவாட் மின் நிலையமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடியும்போது அணை நிறைந்திருந்தால்தான் கோடையைத் தாண்ட முடியும். நவம்பர் கடைசியில் திறந்துவிட்டு, மழை வராமல் போனால் விவசாயி கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை. தேக்கி வைத்து, புயல் வந்தால் கரையோரத்துக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை. பல மணி நேரத்துக்கு முன்பே மழையைக் கணித்து, அதற்கேற்பத் திறக்கும் ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவே வழி கிடைக்கும். நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

நீங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடும் அந்தப் புல்தரைக்கு மேலே இத்தனையும் இருக்கிறது. அதனால்தான் உபரி நீர் திறக்கும் நாட்களில் பயணிகளை உள்ளே விடாமல் தடுக்கிறார்கள். "இவ்ளோ தூரம் வந்துட்டோம், ஒரு செல்ஃபி சார்" என்று காவலரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். ஷட்டர் திறந்த அணையைத் தள்ளி நின்று பார்ப்பது ஒரு காட்சி. கிட்டே போய் நிற்பது வேறு.

"சும்மா கால் நனைச்சுட்டு வரோம்"

அணைப் பகுதியில் இறங்கிக் குளிக்கலாமா? வேண்டாம். நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. அது ஒரு காரணம். முதலையைவிட ஆபத்தானவை கண்ணுக்குத் தெரியாதவை. நீர்த்தேக்கத்தின் கரை கடற்கரை மாதிரி சீராக இறங்காது. இரண்டு அடி ஆழத்தில் நிற்பீர்கள், அடுத்த எட்டில் தலைக்கு மேல் தண்ணீர் இருக்கும். அடியில் சேறு காலைப் பிடிக்கும்.

கீழே, நம் ஊர்ப் பக்கம் ஆற்றில்? இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, மணல் அள்ளிய பள்ளங்கள். மேலே பார்த்தால் முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரே சீராக ஓடும். நடுவில் பள்ளம் இருப்பது இறங்கிய பிறகுதான் தெரியும். இரண்டு, அணைக்கட்டு, தடுப்பணைகளின் கீழ்ப்பக்கம். மேலிருந்து விழும் தண்ணீர் அடிவரை போய், மேலே எழும்பி, திரும்பவும் சுவரை நோக்கி இழுக்கும். பார்க்க நுரையோடு அழகாக இருக்கும். உள்ளே மாட்டியவரை வெளியே விடாமல் சுற்றவைக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் தோற்றுப்போவது இங்கேதான்.

இன்னொன்று, 'டேம் திறக்கல, அதனால் பயமில்லை' என்பதும் முழு உண்மை இல்லை. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வரும் துரிஞ்சலாறு, அணைக்குக் கீழேதான் தென்பெண்ணையில் சேர்கிறது. நம் ஊரில் வெயில் அடிக்கும்போது மேலே எங்கோ பெய்த மழை இங்கே வந்து சேரலாம். தண்ணீரின் நிறம் திடீரென்று கலங்கினால், குச்சி, சருகு மிதந்து வந்தால், சத்தம் மாறினால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். நம் பக்கத்துச் செய்திகளைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். ஒருவர் மூழ்க, காப்பாற்றக் குதித்த நண்பரும் சேர்ந்து போவது திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால் இதை மட்டும் கேங்கில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: குதிக்காதே, நீட்டு, வீசு, கூப்பிடு. கொம்பு, துப்பட்டா, வேட்டி, பெல்ட் எதையாவது படுத்துக்கொண்டு நீட்டுங்கள். எட்டாவிட்டால் மூடி போட்ட காலி கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். அது மிதவை. ஒருவர் உடனே 112-க்கு அல்லது 108-க்குப் போன் போட வேண்டும். வீடியோ எடுக்கும் கை, போன் போடும் கையாக மாறட்டும்.

டேம் மூடியிருந்தா?

அணைக்குப் போக முடியாத நாளில் வேறு சாய்ஸ் இருக்கிறது. கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணை. 46 அடிதான், சின்ன அணை, கூட்டம் குறைவு. அப்படியே மேலே ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர் படகுத்துறை, பெரியார் நீர்வீழ்ச்சி, மேகம் நீர்வீழ்ச்சி. மழை பெய்யும் நாளில் அருவிக்குப் போகும் முன் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அருவியும் ஆறு மாதிரிதான், தண்ணீர் மேலே எங்கோ பெய்யும், இங்கே விழும்.

எங்கும் போக வேண்டாம் என்றாலும், நம் ஊருக்கே ஒரு பழைய பார்க் இருக்கிறது. தை மாதம் ஆற்றுத் திருவிழா அன்று தென்பெண்ணை மணலில் போய் நின்று பாருங்கள். சாமிகள் தீர்த்தவாரிக்கு வருவார்கள். மணலூர்பேட்டைக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே வருகிறார். ராட்டினம், பலூன், வளையல் கடை, அந்த சீசனுக்கே உரிய சிறுவள்ளிக்கிழங்கு. டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. நுழைவுக் கட்டணம் வாங்கும் பார்க் வருவதற்கு முன் நம் ஆட்கள் ஜாலியாக இருந்த இடம் இந்த ஆற்று மணல்தான். மணலையும் எடுத்துவிட்டால், குப்பையையும் கொட்டிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அந்தத் திருவிழாவை எங்கே நடத்துவது?

குறை சொல்லணும்னா யார்கிட்ட?

'பாத்ரூம் சரியில்லை, ஊஞ்சல் உடைஞ்சிருக்கு, குடிக்கத் தண்ணி இல்லை' என்று ஸ்டோரி போடுவதோடு நிறுத்திவிடுகிறோம். அது யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. சாத்தனூரில் அணை நீர்வளத் துறையின் கையில், முதலைப் பண்ணை வனத்துறையின் கையில், மீன் மீன்வளத் துறையின் கையில். எதைப் பற்றிச் சொல்கிறீர்களோ அந்தத் துறையைக் குறிப்பிட்டு, போட்டோவோடு, தேதியோடு சொன்னால் தட்டிக்கழிப்பது கஷ்டம். முதல்வரின் முகவரி எண் 1100-ல் புகார் பதியலாம். பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து அதே எண்ணைச் சொல்லித் திரும்பக் கேளுங்கள். பெண்களுக்கான கழிப்பறை, குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் இடம், வீல்சேர் போக ஒரு சரிவுப்பாதை என்று கேட்பது ஆடம்பரம் இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறோம், கேட்கலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி செக் லிஸ்ட்

- அக்டோபர் முதல் டிசம்பர் வரை போவதாக இருந்தால் முந்தின நாளே அணையின் நீர்மட்டத்தையும் வரத்தையும் செய்தியில் பாருங்கள். 119 அடியை நெருங்கியிருந்து, மழையும் இருந்தால் பிளானைத் தள்ளிப் போடுங்கள்.
- போனில் 'டி.என். அலர்ட்' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் போனிலும் போட்டு, சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.
- மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டையும் பெயர் போட்டு சேவ் செய்யுங்கள்.
- தண்ணீர் பாட்டில், தொப்பி, குழந்தைக்கு மாற்றுத் துணி, ஒரு குப்பைப் பை. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அங்கே விடும் கவர், அடுத்த வெள்ளத்தில் நம் ஊர் மதகில்தான் வந்து அடைக்கும்.
- இருட்டுவதற்குள் கிளம்புங்கள். ரோட்டில் பல இடங்களில் விளக்கு இல்லை, வளைவு உண்டு.

திரும்பும்போது மணலூர்பேட்டையில் வண்டியை மறுபடியும் ஓரங்கட்டுங்கள். காலையில் பார்த்த அதே ஆறு. இப்போது அதில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை கன அடியாக இருந்தால் கரையைத் தொடும், அப்படி வந்தால் உங்கள் தெருவில் முதலில் யாரை எழுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபோட்டோவை நாளைக்குப் போடலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், கரையோரம் இருக்கும் அந்தப் பாட்டி வீட்டு நம்பரை மட்டும் வாங்கி சேவ் பண்ணிடுங்க.